கிணற்றில் வாளி இறக்கியவர்

காலை ஆறு மணி இருபது. ஜீப்பை ஒழுங்கை முகப்பில் விட்டுவிட்டு அண்ணர் வீட்டுப் படலையைத் திறந்தபோது முதலில் கண்ணில் பட்டது ஒரு நீல வாளி. பிளாஸ்ரிக் வாளி. கிணற்றுக் கட்டிலிருந்து சற்றுத் தள்ளி, உடுப்புத் தோய்க்கிற கல்லுக்குப் பக்கத்தில் வைத்திருந்தது. கடைக்காரர் ஒட்டிய விலைச்சீட்டு இன்னும் உரிக்கப்படவில்லை.

அந்த வளவில் பிறந்து வளர்ந்தவன் நான். அள்ளுகிற வாளி கயிற்றோடு கப்பியில் தொங்கும். குளிக்கிற வாளி கிணற்றடியில் கிடக்கும். இந்த மூன்றாவது வாளி யாருக்காக வாங்கப்பட்டது என்று படலையடியிலேயே எனக்கு விளங்கிவிட்டது. எனக்குப் பின்னால் வந்த சந்திரகலா மிஸ்ஸுக்கும் விளங்கியிருக்கும். அவர் வாளியைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார், பிறகு சூரியன் எந்தப் பக்கம் என்று பார்த்தார்.

எங்கள் நுளம்புப் பிரிவு ஒரு மலர் வெளியிடப் போகிறது. கிணற்று நுளம்பை எங்கள் பகுதியில் முதலில் கண்டுபிடித்தது எப்படி என்று எழுதித் தரும்படி இப்போது அங்கே வேலை செய்யும் பிள்ளைகள் கேட்டார்கள். அவர்களில் பலர் பெண்கள். ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். கிணற்றின் ஆழம், நிழல், சீமெந்து, கடைசியில் விட்ட மீன் எல்லாம் அதில் இருக்கின்றன. நீல வாளி இல்லை. அதை இங்கே எழுதுகிறேன்.

நான் அந்தப் பிரிவில் வெளிக்கள உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்றவன். இடையில் சில வருடங்கள் ஒரு பத்திரிகைக்குப் பகுதிநேரச் செய்தியாளராகவும் இருந்தேன். வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வன்னியில் மலேரியா தடிமன் மாதிரி. வராத வீடு இல்லை. நுளம்பை உறிஞ்சிப் பிடிக்கும் கண்ணாடிக் குழாயை வாயில் வைக்கப் பழகினேன். மருந்தடிக்கும் பம்பைத் தோளில் சுமக்கப் பழகினேன். இடப்பெயர்வு வந்தால் நுணுக்குக்காட்டியைச் சாரத்தில் சுற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஓடப் பழகினேன். பயிற்சி என்றால் அவ்வளவுதான். பிறகு காய்ச்சல் குறைந்துகொண்டே போய், ஒருநாள் நாட்டில் மலேரியாவே இல்லை என்று அறிவித்தார்கள். அதற்குப் பிறகு வீதியில் கண்டவர்கள், "உங்களுக்கு இன்னும் சம்பளம் தருகினமோ?" என்று கேட்பார்கள்.

அந்தக் காலத்தில்தான் எங்களுக்குப் பூச்சியியலாளராக சந்திரகலா மிஸ் வந்தார். எங்கள் அலுவலகத்தில் அந்தக் கதிரையில் இருந்த முதல் பெண் அவர். சொந்த இடம் தர்மபுரம். பெற்றோர் மலையகத்தில் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து, கலவரத்துக்குப் பிறகு வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். தாய் கூலி வேலைக்குப் போய்த்தான் அவரைப் படிப்பித்தார். பல்கலைக்கழகத்தில் விலங்கியலில் முதல் வகுப்பு.

அவர் யாரையும் ஏசி நான் கேட்டதில்லை. களத்திலிருந்து வந்து ஏதாவது சொன்னால் ஒரே கேள்வி: "கண்டனீங்களோ, நினைச்சனீங்களோ?" கண்டது என்றால் குறித்துக்கொள்வார். நினைத்தது என்றால் நாங்கள் திரும்ப அந்த வீட்டுக்குப் போகவேண்டும். குடம்பியைப் பார்ப்பதில் அவருக்கு இருந்த பொறுமையை நான் வேறு எவரிடமும் காணவில்லை. முட்டையிலிருந்து வந்து தண்ணீரில் நெளியும் புழுவைத்தான் குடம்பி என்போம். மற்ற நுளம்புகளின் குடம்பி தண்ணீரில் தலைகீழாகத் தொங்கும். மலேரியா நுளம்பின் குடம்பி மேற்பரப்பில் சின்னத் துரும்பு கிடப்பதுபோலப் படுத்திருக்கும். ஆளின் நிழல் பட்டால் உடனே அமிழ்ந்துவிடும். அது திரும்ப மேலே வரும்வரை மிஸ் வெள்ளைத் தட்டைப் பிடித்தபடி அசையாமல் நிற்பார். தட்டைப் பார்க்கும்போது யாராவது கதை கொடுத்தால் பதில் வராது.

குடியேற்றத் திட்டத்து வீடுகளில் அவருக்கு முதலில் கிடைப்பது கேள்விதான்.

"மிஸ் எந்த ஊர்?"

"தர்மபுரம்."

"தர்மபுரத்திலை எந்தப் பக்கம்?"

"பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலை."

"அதுக்கு முதல்?"

"அதுக்கு முதல் நான் பிறக்கேல்லை, அம்மா."

சிரிப்பார்கள். ஆனால் வேண்டிய விடை கிடைத்துவிடும். அதன் பிறகு தேத்தண்ணீர் வரும். எனக்கும் சாரதிக்கும் சில்வர் பேணியில், அவருக்குப் பேப்பர் கப்பில். பிறந்தநாள் கொண்டாட்டத்துக்கு வாங்கி மிஞ்சிய கப், பக்கத்தில் பலூன் படம் போட்டது. ஒருநாள் ஜீப்பில் ஏறியதும், "பேப்பர் கப் வந்தது நல்லதாப் போச்சு. ஒருத்தருக்கும் கழுவுற கரைச்சல் இல்லை" என்றார். சாரதி சிரித்துவிட்டான். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

பிறகு அவர் சொந்தத் தண்ணீர்ப் போத்தல் கொண்டுவரத் தொடங்கினார். "எனக்குத் தேத்தண்ணி ஒத்துவராது" என்று வீடு வீடாகச் சொன்னார். தோட்டத்துக் குடும்பத்தில் பிறந்தவர் அதைச் சொல்வதைப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அலுவலகத்தில் அவருடைய மேசையில் தேத்தண்ணீர்க் கோப்பை இல்லாத நேரம் குறைவு. தாயோடு தொலைபேசியில் கதைக்கும்போது அவருடைய பேச்சு மலையகப் பேச்சாக மாறும். "இந்தா வந்துர்றேம்மா, நீ சாப்புட்டுப் படு" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார். நான் ஜீப்பில் இருந்தால் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார்.

கிணற்று நுளம்பு வேறு நாட்டிலிருந்து கரையோரத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது என்று எங்களுக்குச் சுற்றறிக்கை வந்தது. பழைய மலேரியா நுளம்பு ஆற்றையும் வாய்க்காலையும் தேடிப் போகும். இது ஆட்கள் குடிக்கிற கிணற்றிலும் சீமெந்துத் தொட்டியிலும் முட்டையிடும். எனவே கிணறு கிணறாகப் பார்க்கவேண்டி வந்தது. அங்கேதான் வேலை பிழைத்தது.

மிஸ் கிணற்றுக் கட்டை நெருங்கினால் வீட்டுக்காரர் ஓடிவருவார். "நீங்கள் ஏன் மிஸ் கஷ்டப்படுறியள்? நாங்கள் அள்ளித் தாறம்." குரலில் மரியாதைக்குக் குறைவே இருக்காது. வீட்டுக்காரர் அள்ளுவது குடிக்க அள்ளுவதுபோல: வாளியை நடுக்கிணற்றில் தொம்மென்று போட்டு, அமிழ்த்தி, நிறைய இழுப்பார். அந்தச் சத்தத்துக்கே ஓரத்தில் கிடக்கும் குடம்பி எல்லாம் அடிக்குப் போய்விடும். தட்டில் ஊற்றினால் தெளிந்த தண்ணீர்.

சில கிழமைகளுக்குப் பிறகு மிஸ் என்னைக் கூப்பிட்டார். "தவம் அண்ணை, ஒரே ஒழுங்கை, ஒரே ஆழம், ஒரே சீமெந்து. நீங்கள் அள்ளின கிணத்திலை ஏதாவது குடம்பி இருக்கு. அவை அள்ளித் தந்ததிலை ஒண்டுமே இல்லை. உங்களைக் கண்டு குடம்பி வருகுதோ?"

காரணம் இரண்டு பேருக்கும் தெரியும். மேலே இருந்த வைத்திய அதிகாரிக்கும் தெரியும். அவர் நல்ல மனிதர், யாருடைய மனமும் நோகப் பேசாதவர். "மிஸ், தவம் ஊராள். அவர் அள்ளட்டும். நீங்கள் நுணுக்குக்காட்டியோடை இருங்கோ. அதுதானே உங்கடை படிப்பு" என்றார். அன்றிலிருந்து எல்லாக் கிணறுகளையும் நான் அள்ளினேன். முதல் வகுப்பில் படித்து வந்தவர் ஒழுங்கையில் ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றார். பிரச்சினையைச் சுமுகமாகத் தீர்த்ததாக அலுவலகத்தில் என்னைப் பாராட்டினார்கள்.

அந்த ஏற்பாடு அண்ணரின் மகன் நிரோஜன் வரும்வரை நடந்தது.

நிரோஜன் ஐரோப்பாவுக்குப் போகவென்று முகவர் ஒருவரை நம்பிப் புறப்பட்டவன். மேற்கு ஆபிரிக்காவில் ஒரு அறையில் மாதக்கணக்காக அடைபட்டுக் கிடந்து திரும்பி வந்தான். அண்ணர் வீட்டில் அதை வெளியே சொல்லவில்லை. கொழும்பில் ஏதோ படித்தான் என்று அயலுக்குச் சொன்னார்கள். வந்து கொஞ்ச நாளில் காய்ச்சல் பிடித்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் எங்கே போய் வந்தாய் என்று கேட்பார்கள் என்பதற்காக வீட்டிலேயே படுக்கவைத்துப் பனடோல் கொடுத்திருக்கிறார்கள். நினைவு தடுமாறத் தொடங்கிய பிறகுதான் கொண்டுபோனார்கள். இரத்தத்தில் மலேரியாக் கிருமி இருந்தது.

வெளிநாட்டிலிருந்து ஒருவர் கிருமியோடு வந்தால் அவருடைய வீட்டையும் சுற்றுவட்டாரத்தையும் உடனே பார்க்கவேண்டும். நோயாளியைக் கடித்த நுளம்பு மலேரியாவைக் காவும் இனமாக இருந்தால் அயலில் உள்ளவர்களுக்கும் தொற்றும். நாட்டிலிருந்து ஒழித்துவிட்ட நோய் அந்த ஒழுங்கையிலிருந்து திரும்பத் தொடங்கும். எங்களுக்கு இன்னொரு விதியும் இருந்தது. தன்னுடைய வீட்டிலோ நெருங்கிய சொந்தக்காரர் வீட்டிலோ ஒருவர் மாதிரி எடுக்கக்கூடாது. ஆகவே அண்ணர் வீட்டுக் கிணற்றில் மிஸ்தான் அள்ளவேண்டும்.

முதல்நாள் நான் மச்சாளுக்கு, அண்ணரின் மனைவிக்கு, தொலைபேசியில் சொன்னேன். "நாளைக்குக் காலமை வாறம் மச்சாள். மிஸ்தான் கிணறு பாப்பா."

"வரட்டும், வரட்டும். நான் ஆயத்தமா வைக்கிறன்" என்றார்.

ஆயத்தம்தான் அந்த வாளி.

மச்சாள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு குசினியிலிருந்து வந்தார். "வாங்கோ மிஸ். தம்பி, கதிரையை இழுத்துப் போடு."

"இருக்க நேரமில்லை அக்கா. வெயில் ஏற முதல் பாக்கவேணும்" என்றார் மிஸ்.

"ஓம், தம்பி சொன்னவன். அதுதான் புது வாளி வாங்கினனான். நான் அள்ளி உதுக்கை ஊத்திவிடுறன். நீங்கள் வடிவா இருந்து பாருங்கோ."

"நீங்கள் அள்ளினாச் சரிவராது அக்கா. நான்தான் இறக்கவேணும்."

மச்சாள் என்னைப் பார்த்தார். அண்ணர் விறாந்தையில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். கண்ணை எடுக்காமல், "தம்பி நிக்கிறான்தானே. அவன் அள்ளட்டும்" என்றார்.

"சொந்த வீட்டிலை நான் அள்ள ஏலாது அண்ணை."

"அப்பா வெட்டின கிணத்திலை நீ அள்ள ஏலாதோ? கண்டறியாத சட்டம்."

"வெள்ளிக்கு வெள்ளி பிள்ளையாருக்கு இந்தத் தண்ணிதான் போறது மிஸ்" என்றார் மச்சாள். "அதுக்காகத்தான் பாக்கிறம். வேறை ஒண்டுமில்லை."

"மகன் காய்ச்சலோடை எந்த அறையிலை படுத்திருந்தவர்?" என்று கேட்டார் மிஸ். மச்சாள் கைகாட்டினார். கிணற்றைப் பார்த்த யன்னல் உள்ள அறை.

"நுளம்பு வலை?"

"வெக்கை எண்டு போடேல்லை."

"எத்தினை நாள்?"

"ரெண்டு நாள் இருக்கும்" என்றார் அண்ணர்.

"ஆஸ்பத்திரியிலை மகன் ஒரு கிழமைக்கு மேலை எண்டு சொன்னவர் ஐயா. அந்த அறைக்கை நிண்ட நுளம்பு இந்தக் கிணத்திலை பிறந்ததோ எண்டு எனக்கு இண்டைக்குத் தெரியவேணும். பிறந்ததெண்டா அயலட்டைப் பிள்ளையளின்ரை இரத்தத்தையும் தொடர்ந்து பாக்கவேணும். பிந்தினா, ஆருக்காவது வந்த பிறகுதான் தெரியும்."

வேலிக்கு அந்தப் பக்கத்தில் ஒரு பிள்ளை பள்ளிக்கூடச் சப்பாத்தைக் காணவில்லை என்று தாயோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தது. அண்ணர் பத்திரிகையை மடித்தார். "உங்கடை கந்தோரிலை வேறை ஆக்கள் இல்லையோ?" என்று மிஸ்ஸிடம் கேட்டார்.

"இந்த வேலைக்கு நான்தான் ஐயா."

அண்ணரை நான் விறாந்தை ஓரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். "அண்ணை, இவா இறக்காமல் போனா மறுத்திட்டினம் எண்டு எழுதவேணும். பிறகு கிராமசேவகர் வருவார், பொலிசும் வரலாம். நிரோஜன் எங்கை போனவன், ஆர் அனுப்பினது, எப்பிடித் திரும்பினவன் எல்லாம் ஒழுங்கை முழுக்கக் கதையாப் போகும்."

அண்ணர் வேலிப்பக்கம் பார்த்தார். "அள்ளட்டும்" என்றார். என்னிடம்தான் சொன்னார், மிஸ்ஸிடம் இல்லை.

நான் சொன்னது பொய் இல்லை. ஆனால் இவர் பூச்சியியலாளர், இது இவருடைய வேலை, இவருடைய கை பட்டால் உங்கள் கிணற்றுக்கு என்ன குறைந்துவிடும் என்று கேட்க என்னால் முடியவில்லை. கேட்டிருந்தால் அண்ணர் விட்டிருக்கமாட்டார். மகனைப் பற்றிய வெட்கத்தைக் காட்டி அவரைப் பணியவைத்தேன். மிஸ் கிணற்றடியில், எங்களுக்கு முதுகைக் காட்டியபடி, கயிற்றை அவிழ்த்துக்கொண்டு நின்றார். அந்தத் தூரத்துக்கு நான் பேசியது கேட்டிருக்கும்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டடிக்குப் போனார். தன் நிழல் உள்ளே விழாத பக்கமாக நின்று எட்டிப் பார்த்தார். நாங்கள் ஜீப்பில் கொண்டுபோன வாளியைக் கயிற்றில் கட்டி, கை மாற்றிக் கை மாற்றி, சுவரில் முட்டாமல் இறக்கினார். தண்ணீருக்குச் சற்று மேலே நிறுத்திக் கொஞ்ச நேரம் பொறுத்தார். பிறகு நிழல் விழும் சுவரோரமாக வாளியைச் சரித்து, மேற்பரப்புத் தண்ணீர் மட்டும் வாய்க்குள் வழியவிட்டு, அரை வாளியோடு தூக்கினார். தட்டில் மெதுவாக ஊற்றி என்னிடம் தந்தார். இப்படிச் சுற்றிவரச் செய்யவேண்டும். ஒவ்வொரு முறையும் கிணறு அடங்கும்வரை காத்திருக்கவேண்டும்.

காத்திருந்தபோது, கிணற்றுக்குள் பார்த்தபடியே, "முந்தி இந்தக் கட்டு இல்லை என்ன, அக்கா? பனங்குத்திதான் போட்டிருந்தது" என்றார்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும் மிஸ்?"

"அம்மா இந்த வளவுக்குக் கச்சான் கடலை பிடுங்க வாறவா. நானும் வந்தனான். அந்த வேம்படியிலை நிண்டு கை ஏந்துவம். நீங்கள்தான் தண்ணி ஊத்துறனீங்கள்."

மச்சாள் கொஞ்ச நேரம் அவருடைய முகத்தைப் பார்த்தார். "கொம்மா பேர் என்ன?"

"பாக்கியம்."

"எட, பாக்கியத்தின்ரை பெட்டையோ நீ?" மச்சாளின் முகம் தெளிந்தது. அவர் உண்மையிலேயே சந்தோசப்பட்டார். "நல்ல வேலைகாரி. கொம்மா இப்பவும் இருக்கிறாளோ?"

"இருக்கிறா அக்கா. சுகமா இருக்கிறா."

நான் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேறு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. தண்ணீர் அடங்கியிருந்தது. மிஸ் கட்டிலிருந்து திரும்பி வந்து, "என்ன காண்றீங்கள் தவம் அண்ணை?" என்று கேட்டார்.

"படுத்திருக்கு" என்றேன்.

ஒன்றல்ல, தட்டின் ஓரமெல்லாம் படுத்திருந்தன. அண்ணர் இறங்கி வந்து பார்த்தார். "உது எல்லாக் கிணத்திலையும் இருக்கிறதுதானே" என்றார்.

"கண்டனீங்களோ ஐயா, நினைச்சனீங்களோ?" என்று கேட்டுவிட்டு மிஸ் குடம்பிகளைச் சொட்டுக்குழாயால் எடுத்துப் போத்தலில் விட்டார். போத்தலில் ஒட்டும் துண்டில், எடுத்தவர் என்ற இடத்தில், மாதக்கணக்காக என் பெயரை எழுதிவந்த கையால் தன் பெயரை எழுதினார்.

ஜீப் பிரதான வீதிக்கு ஏறிய பிறகு, "அண்ணரிட்டை நீங்கள் சொன்னது கேட்டது" என்றார் மிஸ்.

நான் மடியில் இருந்த போத்தலை நிமிர்த்திப் பிடித்தேன்.

"வேலை நடந்தது. ஆனா இனி எனக்காக அப்பிடி ஒண்டும் சொல்லாதேங்கோ. சட்டத்தைச் சொல்லுங்கோ. விடாட்டி, விடேல்லை எண்டு எழுதுவம். அப்பத்தான் அது எழுத்திலையாவது இருக்கும்."

"ஓம் மிஸ்" என்றேன்.

அலுவலகத்தில் அந்தக் குடம்பிகளை நுளம்பாகும்வரை வளர்த்தார். இறக்கைகளை நுணுக்குக்காட்டியில் பார்த்து, இதுதான் அந்த இனம் என்றார். தலைமை அலுவலகமும் உறுதிப்படுத்தியது. எங்கள் பகுதியில் அதுவே முதல் தடவை. அயலவர்களின் இரத்தத்தைத் தொடர்ந்து பார்த்தோம். ஒருவருக்கும் தொற்றவில்லை. நிரோஜன் சுகமாகி வீட்டுக்கு வந்தான். செய்தி பத்திரிகையில் வந்தபோது, வைத்திய அதிகாரியும் நானும் ஒரு கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கும் படம் அதில் இருந்தது. கைத்தொலைபேசியில் அந்தப் படத்தை எடுத்தவர் மிஸ். இன்று அவர் கொழும்பில் பெரிய பதவியில் இருக்கிறார். மலருக்கு வேறு படம் இருக்கிறதா என்று பிள்ளைகள் கேட்டார்கள். அவர் கிணற்றடியில் நிற்கும் படம் ஒன்றும் எங்களிடம் இல்லை.

குடம்பியைத் தின்னும் சின்ன மீன்களை அண்ணரின் கிணற்றில் நானே கொண்டுபோய் விட்டேன். மீன் போதும், கிணற்றை இறைக்கத் தேவையில்லை என்று மிஸ் மச்சாளிடம் விளக்கமாகச் சொல்லியிருந்தார். அடுத்த கிழமை மீன் எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போனேன். கிணற்றடியில் தண்ணீர்ப் பம்பி ஓடிக்கொண்டிருந்தது. அடிச் சேறு தெரிந்தது. நான் விட்ட மீன்கள் வாழைப்பாத்தியில் கிடந்தன.

"மிஸ் இறைக்கவேண்டாம் எண்டெல்லோ சொன்னவா மச்சாள்?"

"புழுக் கிடந்த கிணறு தம்பி. இறைக்காமல் எப்பிடிக் குடிக்கிறது?"

அந்த மாதம் அதே ஒழுங்கையில் வேறு வீட்டுக் கிணறுகளிலும் அதே குடம்பியைக் கண்டோம். அவை எல்லாம் நான் அள்ளிய கிணறுகள். ஒன்றையும் ஒருவரும் இறைக்கவில்லை.